கடல் துணிக்குக் கஞ்சி இல்லை

எங்கள் தறிக்கூடத்தில் இப்போது மாதத்தில் சில நாள் கடல் துணி ஓடுகிறது. பாவுக்கு இரட்டை நூல். கஞ்சி கிடையாது. புதிதாக வந்த பெண்களுக்கு இது எரிச்சல். நூல் சிலும்புகிறது, தறி மெதுவாக ஓடுகிறது, கொஞ்சம் கஞ்சி போட்டால் என்ன என்கிறார்கள். நான் வேலையை விட்டு வந்தாயிற்று. ஒரு நாள் கூடத்துப் பக்கம் போயிருந்தபோது என்னையும் பிடித்துக்கொண்டார்கள்.

மேனேஜர், "அக்கா, நீங்களே எழுதிக் குடுத்திருங்க. நான் சொன்னா ஒருத்தியும் கேக்க மாட்டேங்கா" என்றார்.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

என் பெயர் செல்லத்தாய். ஊர் சேத்தூர். தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் வந்து தறி ஓட்டினேன். முதலில் அறுந்த இழையை முடிந்தேன். பிறகு ஒரு தறி, அப்புறம் நான்கு தறி. நடுவில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள். திரும்பவும் நான்கு தறி. காது பாதி போயிற்று. பழகின காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

நாங்கள் நெய்வது ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி. விரித்துப் பிடித்தால் எதிரில் நிற்பவரின் மூக்கும் முழியும் தெரியும். அவ்வளவு இடைவெளி. நூல் சன்னம். நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலைத் தறி ஓயாமல் இழுக்கும், நூல் நுழைந்து போகிற அச்சு உரசும். வெறும் நூல் தாங்காது. அதனால் தறிக்கு ஏறும் முன் பாவுக்குக் கஞ்சி போடுவோம். குறுக்கே போகிற ஊடைக்கு அது வேண்டாம்.

கஞ்சி வேலை பரமசிவம் மேஸ்திரியுடையது. மரவள்ளி மாவையும் மைதாவையும் கட்டி தட்டாமல் கரைப்பார். கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காய்ச்சுவார். மழைக்காலத்துக்கு ஒரு பக்குவம், பங்குனி வெயிலுக்கு ஒரு பக்குவம். கரண்டியை உயரத் தூக்கி ஊற்றி, விழுகிற விதத்தைப் பார்ப்பார். கஞ்சி காய்ந்த பாவிலிருந்து ஓர் இழையை உருவி, இரண்டு கை நகத்திலும் பிடித்து, காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுண்டுவார். அத்தனை தறி இரைச்சலில் அவருக்கு என்ன கேட்டதோ. "ம்" என்றால் சரி. ஒன்றும் சொல்லாமல் நடந்துவிட்டால் அந்தப் பாவு தறிக்கு ஏறாது. காரணம் சொல்ல மாட்டார். தவறு என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நாங்கள் கேட்டதில்லை. முதலாளியும் அவரைக் கேள்வி கேட்கமாட்டார்.

காலையில் எங்களிடம் அவர் கேட்பது ஒன்றுதான். "ஏட்டி, நூலு சாப்பிட்டாச்சா?"

என் பக்கத்துத் தறி தங்கம் ஒரு நாள் கேட்டே விட்டாள். "எங்கள ஒரு நாளாவது சாப்பிட்டியான்னு கேட்டிருக்கீகளா மேஸ்திரி?"

"நீ பசிச்சா வாயத் தொறந்து சொல்லிருவ. நூலு சொல்லாது. அந்து விழும்."



ஒரு நாள் முதலாளி அறையில் ஒரு மேடம் வந்து உட்கார்ந்திருந்தார். ரெஜினா என்று பெயர். ராமநாதபுரம் பக்கம் கடற்கரையில், அழிந்த பாசியைத் திரும்ப வளர்க்கிற வேலை அவருக்கு. மெடிக்கல் கடையில் வாங்கிய ஒரு சுருள் பேண்டேஜை மேஜையில் வைத்திருந்தார். இதை எங்கே நெய்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டே எங்கள் கூடம் வரை வந்துவிட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கரைக்குக் கொஞ்சம் உள்ளே கடலுக்கு அடியில் பாறைகள் இருக்கின்றன. அதில் கட்டக்கோரை என்கிற பாசி இடுப்பு உயரத்துக்கும் மேலே வளர்ந்து நிற்கும். அதற்குள் மீன் குஞ்சு வளரும், நண்டு ஒளியும். காடு மாதிரிதான். தண்ணீர் சூடானது, இழுவலை உரசியது, பறிப்பும் கூடிப்போனது. காடு மொட்டைப் பாறையாகிவிட்டது. பாசிக்கு நம் செடி மாதிரி வேர் கிடையாது. அடியில் ஒரு பிடி இருக்கிறது, அதை வைத்துப் பாறையைக் கவ்விக்கொள்கிறது. பிடிக்கிறவரைக்கும் பிழைத்துவிட்டால் போதும். ஆனால் நட்டவுடன் மேய்கிற மீன் வந்துவிடுகிறது. ஓரா என்று ஒரு மீன், உடம்பெல்லாம் முள்ளோடு பாறையில் ஊர்கிற கடல் முள்ளெலி என்று ஒன்று. இரண்டுக்கும் தீனி பாசி.

"கன்னு நட்டுட்டு முள்ளு வைக்காம வந்தா ஆடு விடுமா?" என்றேன் நான்.

"அதேதான். கடல்ல முள்ளு வைக்க முடியல. பிளாஸ்டிக் வலை வச்சா அது அங்கேயே கிடந்து இன்னொரு கேடு. பருத்தித் துணியா இருந்தா கல்லோட சேத்துச் சுத்திடலாம். ஓட்டை வழியா பாசி மேல வந்துரும். அடி துணிக்குள்ள பத்திரமா இருக்கும். பிடிச்ச பிறகு துணி தானா மக்கிரும்."

வெளுக்காத காடாத் துணியாகவே வேண்டும் என்றார். வெளுப்பு மருந்து பாசிக்கு ஆகாது.

இன்னொன்றும் சொன்னார். முக்கியம் அதுதான். அந்தப் பாறையில் மூழ்கிப் பாசி பறித்துப் பிழைப்பவர்கள் பெண்கள். அவர்களே கூடிப் பேசி, நடுகிற இடத்தில் இந்தப் பருவம் பறிப்பதில்லை என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பாசி திரும்ப வந்தால் அவர்களுக்கு. வராவிட்டால் அந்தப் பருவத்துப் பிழைப்பு அவர்களுக்குப் போனது போனதுதான்.

துணியை என் தறியில் ஓட்டினேன். அனுப்பினோம். கொஞ்ச நாளில் மேடம் போன் பண்ணினார். அத்தனையும் மேய்ந்து போய்விட்டது. துணி சுற்றாமல் நட்டதைவிட இது சீக்கிரமாகப் போய்விட்டதாம்.

ஓட்டை பெரிதாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். பாவு இழையைக் கூட்டி நெருக்கி நெய்தோம். கடல் அலை அடிக்கும், துணி விறைப்பாக நிற்கட்டும் என்று மேஸ்திரி கஞ்சியையும் கூட்டினார். இரண்டாவது தடவை முன்னதைவிட மோசமாகப் போனது.

யாராவது ஒருவர் வந்து பாருங்கள் என்று மேடம் கேட்டார். முதலாளிக்கு மனதில்லை. மேஸ்திரி, "நான் போயிட்டு வாரேன். செல்லத்தாயும் வரட்டும், துணிய நெஞ்சவ அவதான்" என்றார்.

பஸ்ஸில் போனோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி நின்ற செத்த நேரத்தில் மேஸ்திரி இறங்கி ஓடி, பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தார். முதல் தடவை ஒரு ஊருக்குப் போகிறோம், வெறுங்கையோடு போகக் கூடாது என்றார். 

கடற்கரையில் பனைமரத்து நிழலில் பெண்கள் கூடியிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் அந்தோணியம்மா. என் வயதுதான் இருக்கும். நெஞ்சு அகலம், பேச்சும் அப்படி. நாங்கள் போனபோது சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு இளம் பெண் கத்திக்கொண்டிருந்தாள்.

"பறிக்காத பறிக்காதன்னு நம்மளக் கட்டிப் போட்டுட்டு மீனுக்கு விருந்து வைக்கிறாக. மிச்சம் இருக்கிற நாலு தூரையாவது நாம பிடுங்கிட்டு வந்துருவோம்க்கா. நாளைக்கே எறங்குவோம்."

"செத்த சும்மா இருடி, வந்தவுகளப் பாப்போம்" என்றார் அந்தோணியம்மா. எங்களைப் பார்த்து, "நீங்கதான் துணிக்காரவுகளா?" என்றார்.

மேஸ்திரி பால்கோவாவை நீட்டினார். அதை வாங்கிக்கொள்ள யாரும் கை நீட்டவில்லை. பக்கத்திலிருந்த ஒரு கல்லின் மேல் வைத்தார்.

மேடம் போனில் ஒரு படம் காட்டினார். தண்ணீருக்கு அடியில் எடுத்தது. நட்ட கல்லைச் சுற்றி ஓரா மீன் கூட்டம். தட்டையாக, சின்ன வாய். நான் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். அந்தோணியம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நாங் கிட்ட இருந்தே பாத்திருக்கேன். வந்தவுடனே பாசியத் தொடல. மொதல்ல துணியத்தான் மொய்க்கிது. கொத்திக் கொத்தி நக்குது. அது முடிஞ்ச பொறவுதான் பாசி. எங்க வீட்டுக்காரரு மைதா உருண்ட போட்டா மீனு வருமே, அப்புடி வருது."

மேஸ்திரி தலையைத் தூக்கினார். "என்ன உருண்ட?"

"மைதா மாவு. தூண்டில்ல குத்திப் போடுவாருல்ல."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கடலில் கால் வைத்தது அவருக்கு அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான். சேலை நனைய நானும் பின்னால் போனேன். அந்தோணியம்மா முங்கி, துணி சுற்றின கல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பாசி இருந்த இடத்தில் மொட்டையாக ஒரு குச்சி மட்டும் இருந்தது. மேஸ்திரி துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். எனக்கும் நீட்டினார். வழவழவென்று இருந்தது. பாவு நூல் மட்டும்தான் அப்படி. ஊடை நூலில் வழவழப்பே இல்லை.

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. எங்கள் பக்கத்தில் துணி தறியிலிருந்து இறங்கினால் அதோடு எங்கள் வேலை முடிந்தது. வெளுப்புப் பட்டறைக்குப் போகும். அங்கேதான் கஞ்சியை எடுப்பார்கள். எடுத்தால்தான் துணி ரத்தத்தை உறிஞ்சும். வெளுக்க வேண்டாம் என்றதும் துணி அந்தப் பட்டறைக்கே போகவில்லை. கஞ்சியோடு நேராகக் கடலுக்கு வந்துவிட்டது. இத்தனை வருஷம் தறியில் இருந்தவர்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. கஞ்சி போடுவது எங்கள் வேலை, எடுப்பது வேறு யாரோ.

அவர் கல்லைக் கையில் வைத்துக்கொண்டே கரைக்கு ஏறினார். பெண்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மீனு மேல குத்தமில்ல. இதுல கஞ்சி இருக்கு. மாவுக் கஞ்சி. போட்டது நான்."

மேடம் குறுக்கே வந்தார். "ஐயா, வெளுக்க வேண்டாம்னு சொன்னது நான்தானே."

"வெளுக்க வேண்டாம்னுதான் சொன்னீங்க. கஞ்சியோட குடுன்னு சொல்லலியே. ரெண்டாவது தடவ கூடக் கொஞ்சம் போட்டேன். அதுவும் நான்தான்."

 பிறகு அந்த இளம் பெண் கேட்டாள்.

"ஏன் பெரியவரே, மீனுக்கு எல போட்டுச் சோறு வச்சி, எங்க பாசிய தொட்டுக்கிடக் குடுத்தீகளாக்கும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. "ஆமா தாயி" என்றார்.

"மீனுக்குக் கஞ்சி, எங்களுக்குப் பால்கோவாவா?" என்று இன்னொருத்தி சொல்லி, கல்லின் மேல் இருந்த பொட்டலத்தைப் பிரித்தாள்.

அந்தோணியம்மாவும் சிரிக்கவில்லை. "இந்தக் கரைக்கு எம்புட்டோ பேரு வந்திருக்காக. கெடுத்தது நாந்தான்னு ஒருத்தரும் சொன்னதில்ல. இவரு சொல்லிட்டாரு. இன்னும் ஒருக்கா பாப்போம். அதுவும் போச்சுன்னா நீங்க யாரும் இங்க வராதீக. நாங்க எறங்கிப் பறிச்சிருவோம்" என்றார்.

"சரி" என்றார் மேஸ்திரி.

அங்கே இன்னும் சுற்றாத துணிச் சுருள்கள் கிடந்தன. ஊருக்குத் திரும்பக் கொண்டுபோய்ச் செய்து அனுப்ப நேரமில்லை. நடுகிற பருவம் போய்விடும். அங்கேயே கஞ்சியை எடுப்பது என்று முடிவானது. வெளுப்புப் பட்டறை வருவதற்கு முன்னால் செய்த பழைய முறை மேஸ்திரிக்குத் தெரியும். டிரம்மில் நல்ல தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்றித் துணியை அமுக்கி வைத்தோம். உப்புத் தண்ணீர் கூடாது என்று பெண்கள் கிணற்றிலிருந்து சுமந்து கொண்டுவந்தார்கள். மறுநாள் நுரை தட்டி, புளித்த நாற்றம் அடித்தது. நாற்றம் வந்தால்தான் கஞ்சி கழன்றிருக்கிறது என்று அர்த்தம். பிறகு அலசல். தண்ணீரை மாற்றி மாற்றி அலசினோம்.

கஞ்சி போய்விட்டதா என்று கையை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு வழி உண்டு. மெடிக்கல் கடையில் டிஞ்சர் அயோடின் வாங்கித் துணியில் ஒரு சொட்டு விட வேண்டும். கஞ்சி இருந்தால் அந்த இடம் கருநீலமாகும். இல்லாவிட்டால் டிஞ்சரின் பழுப்பே நிற்கும். மேஸ்திரி ஒவ்வொரு சுருளின் இரண்டு முனையிலும் நடுவிலும் சொட்டு விட்டுப் பார்த்தார். சொட்டு விட்ட இடத்தைப் பிறகு வெட்டி எறிந்தார்.

"நீலம் தெரியுது. இன்னும் அலசுங்க."

"எங்க தெரியுது? எங் கண்ணுக்குத் தெரியல."

"எனக்குத் தெரியுது."

"ராசபாளையத்துக்காரவுகளுக்கு அங்க தண்ணி இல்லையோ, எங்க கெணத்தக் காலி பண்ண வந்திருக்காக" என்றாள் அந்த இளம் பெண். ஆனால் அலசினாள். அவள் கை சீலை பிழிகிற கை இல்லை. கயிறு முறுக்குகிற மாதிரி பிழிந்தாள்.

கஞ்சி போன துணியில் வேறு ஒரு சிக்கல் வந்தது. துணி துவண்டுபோய், நூல் அங்கும் இங்கும் நகர்ந்து ஓட்டை பெரிதாகிவிட்டது. அதை இரண்டு மடிப்பாக, ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்கே வைத்துச் சுற்றலாம் என்றேன். மேடம் ஒரு கல்லில் சுற்றி, இழுத்துப் பார்த்துவிட்டு, பாசி வெளியே வர இடம் போதும் என்றார். அப்படியே சுற்றினோம். நடுவதிலும் அந்தோணியம்மா ஒரு மாற்றம் சொன்னார். இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று வைத்தால் இருக்கிற வாய் எல்லாம் அதன் மேல்தான் விழும், மிச்சமிருக்கிற பழைய பாசியை ஒட்டி மொத்தமாக வைத்தால் மேய்ச்சல் பரவலாகப் போகும் என்றார். மேடமும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாராம். இருவரும் முங்கினார்கள். நான் கரையில் நின்று கல் எடுத்துக் கொடுத்தேன்.

ஊருக்கு வந்ததும் மேஸ்திரி முதலாளியிடம் போனார். நான் வாசலில் நின்றேன். உள்ளே அவர் நடந்ததைச் சொன்னார். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. முதலாளி, "மருந்துக் கடக்காரங்களுக்குத் தெரிஞ்சா நம்ம பேரு என்னத்துக்காகும்? நூலு சரியில்லன்னு சொல்லியிருக்கலாம்லா?" என்றார்.

"நூலு நல்ல நூலுதான்" என்றார் மேஸ்திரி. "இனி கடலுக்குத் துணி நெஞ்சா இரட்டை நூலு போடணும். அதுக்குக் கஞ்சி வேண்டாம்."

"தறி ஓடுமா?"

"மெள்ள ஓடும்."

அவ்வளவுதான் பேச்சு. அந்த வருஷக் கடைசியில் அவர் வேலையை விட்டுப் போனார். போவதற்கு முன்னால், கஞ்சி இல்லாத பாவை அறாமல் எப்படி ஓட்டுவது என்று எனக்கு ஓட்டிக் காட்டினார். சொல்லிக்கொடுத்தது என்று சொல்ல முடியாது. தறியின் இழுவையைத் தளர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். நான் பார்த்துக்கொண்டேன்.

அந்தோணியம்மா முதல் தடவை போன் பண்ணியபோது நான் பஸ்ஸில் இருந்தேன். சத்தமாகப் பேசினார், எனக்கு அதுதான் வசதி.

"ஓரா வந்துச்சு. வராம இருக்குமா? ஆனா கூட்டமா மொய்க்கல. நுனியத் தின்னுச்சு, போயிருச்சு. துணிக்குள்ள அடி நிக்கிது. தின்ன எடத்துலருந்து கெள விட்டிருக்கு. வெளி ஓரத்துல வச்சத மட்டும் முள்ளெலி மொட்டையடிச்சிருச்சு. நடுவுல வச்சது அம்புட்டும் பிடிச்சிருச்சு."

மேய்ச்சல் நிற்கவில்லை. அது நிற்கப் போவதும் இல்லை. மேய்ந்தாலும் தாங்குகிற அளவுக்குப் பாசி வந்துவிட்டது.

சேத்தூரில் மேஸ்திரி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார். "அடி பிடிச்சிருக்குன்னு அவளே முங்கிப் பாத்தாளா? அவளேவா?" அவரேதான் பார்த்தார் என்றேன். "ம்" என்றார்.

பெண்கள் அடுத்த பருவமும் அந்த இடத்தில் பறிக்கவில்லை. அது அவர்களே எடுத்த முடிவு. அதற்கும் அடுத்த பருவத்தில்தான் இறங்கினார்கள். அன்றைக்கு அந்தோணியம்மா திரும்பப் போன் பண்ணினார். பாசி இடுப்புக்கு நிற்கிறதாம். 

"நாங்க எப்பவும் அடியோட பிடுங்குறதுதான் பழக்கம் செல்லத்தாயி. மீனு கூட அடிய விட்டுத்தான் தின்னிருக்கு. மீன விட மோசமா மேஞ்சது நாங்கதான். இந்த வருசம் எல்லாருக்கும் கத்தி குடுத்து, ஒரு சாண் விட்டுத்தான் அறுக்கணும்னு பேசிட்டு எறங்குனோம்."

"எல்லாரும் கேட்டாங்களா?"

"கேட்டாக. ஒருத்திதான் கத்திய இடுப்புல சொருகிட்டு அடியோட இழுத்துப்புட்டா."

"யாரு, அந்தச் சின்னப் பொண்ணா?"

"அவ இல்ல. நாந்தான். கை பழகிப்போச்சு."

பிடுங்கினதை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். மேலே ஏறி வந்து, ஒரு கல் எடுத்து, துணி சுற்றி, திரும்ப முங்கி அதே இடத்தில் வைத்துவிட்டாராம்.